அம்மாவின் பெயருக்கு அடியில் இருந்த விரிசல்

அன்புள்ள அண்ணா,

இந்த 'அன்புள்ள' என்பதை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். வேறு சொல் கிடைத்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன் நண்பர்கள் உனக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். "அண்ணனைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க சார், தம்பி எழுதினாத்தான் மலர் நிறையும்" என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்க்கும் நாலு வார்த்தைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். கலகலப்பானவன், கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லாதவன், ஜோகுபாளையத்தில் உன்னைத் தெரியாத ஆட்டோக்காரர் இல்லை. எல்லாம் உண்மைதான். நான் உன் படகைப் பற்றி எழுதுகிறேன்.

படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் ஓய்வு பெற்ற மறு வருடம் கோவாவில் நீர் விளையாட்டு நடத்திவந்த ஒருவரிடம், ஒரு சிறிய காரின் விலைக்கு, பழைய ஜெட் போட் ஒன்றை வாங்கினார். நான்கைந்து பேர் உட்காரலாம். இந்த வகைப் படகுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியில் உள்ள சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும். அந்த வேகத்தில் முன்னே பாயும். திரும்புவதும் அந்தப் பீச்சலால்தான். என்ஜின் நின்றால் வேகம் மட்டும் போகாது, திசையும் போய்விடும். சுருக்கமாக, அது உடம்பு ஒட்டப்பட்ட ஒரு பம்பு.

நான் முப்பது வருடமாகப் பொறியியல் கல்லூரியில் பம்புகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன். இந்த ஊரில் ஒரு பழைய ஜெட் போட்டை வாங்குவதற்கு முன் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் கேட்க வேண்டிய ஆள், உன் சொந்தத் தம்பியாக, விவேக் நகரில், உன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடத்தில் இருந்தான். நீ கேட்கவில்லை. வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடி, உன் நண்பரின் கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு எனக்குப் போன் செய்தாய்.

"எப்பண்ணா வாங்கினே? நான் ஒருதரம் பார்க்கறேனே" என்றேன்.

"தரையில என்னடா பார்க்கறது? தண்ணியில பார்க்க வா."

இரண்டு முறை கூப்பிட்டாய். இரண்டு முறையும் எனக்கு விடைத்தாள்கள் இருந்தன. அணையின் பின்நீர்ப் பகுதியில் ரிசார்ட் வைத்திருந்த உன் நண்பரிடம் நீ இரண்டு முறையும் போனாய். இரண்டாம் முறை என் மகள் அபியையும் கூட்டிப்போனாய். படகின் பின்விளிம்பில் அவள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாய். அவள் கால்களுக்குக் கீழே பின்சுவரில், தங்க நிறத்தில், அம்மாவின் பெயர்: கமலவேணி. சிவாஜிநகரில் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிறவரிடம் நீயே நின்று வெட்டி வாங்கியதாகச் சொன்னாய். நானும் அந்தப் படத்துக்கு ஓர் இதயக் குறி போட்டேன். அண்ணா, நான் யாருக்கும் இதயக் குறி போடுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

போன மாதம் மண்டப மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறார். கல்யாணமில்லாத ஆஷாடம் முடியப் போகிறது, முகூர்த்தம் ஆரம்பித்தால் கார் நிறுத்த இடம் வேண்டும். "படகு அல்லே இருந்தா கஷ்டா மேடம், நம்ம சாரு இல்லேன்னு நான் பேசாம இருந்தேன்" என்று அவர் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் தயங்கியதாக அண்ணி சொன்னார். விளம்பரம் போட்ட மூன்றாம் நாளே ஒருவர் அழைத்துவிட்டார். "தம்பி, நீங்க கூட வந்து நில்லுங்க. அவர் ஏதாவது கேட்டா எனக்கு என்ன தெரியும்?" என்றார் அண்ணி.

வந்தவர் பெயர் கார்த்திக். சேலத்துக்காரர், மென்பொருள் வேலை, இங்கு வந்து ஆறு வருடம். நல்ல மனிதர். காரின் பின்சீட்டில் இரண்டு ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட்டுகள் கிடந்தன. ஒன்று சிறியது, மற்றது அதைவிடச் சிறியது.

"பசங்களுக்கு முதல்லயே வாங்கிட்டேனுங்க சார். புதுப் போட்டு வாங்கறதுக்கெல்லாம் நம்ம பட்ஜெட் தாங்காதுங்க. ஜாக்கெட்டாவது புதுசா இருக்கட்டுமேன்னு" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமையே தண்ணீரில் இறக்குவதாகத் திட்டம்.

அப்போதுதான் அண்ணி அதைச் சொன்னார். பெருமையாக, என் தோளைத் தொட்டு: "கவலையே வேணாம்பா. இவர் என் கொழுந்தனார், பம்பு படிச்ச புரொஃபசர். இவர் பார்த்து சரின்னு சொன்ன அப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் இதை வாங்கினார்."

"யார் சொன்னது அண்ணி?"

"உங்க அண்ணன்தான். 'சேகர் பாத்துட்டான், ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்லிட்டான்'னாரே. இல்லேன்னா நான் ஒத்துக்கிட்டிருப்பேனா? அபியைக் கூட்டிட்டுப் போறப்ப உங்க வீட்லயும் அதைத்தானே சொன்னார்."

நான் அந்தப் படகை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான், அண்ணா. ஆனால் உன் வீட்டிலும் என் வீட்டிலும் அதற்கு நான் கொடுத்த சான்று ஒன்று இரண்டு வருடமாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. என் பெயரை நீ எங்கெங்கோ பயன்படுத்தியிருக்கிறாய், சினிமா டிக்கெட்டிலிருந்து சிபாரிசுக் கடிதம் வரை. இதற்கும் பயன்படுத்துவாய் என்று நினைக்கவில்லை.

கார்த்திக்கிடம் பத்து நிமிடம் கேட்டேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு படகின் அடியில் கையை விட்டேன். பம்பின் உள்விசிறி இதழ்களில் மணலும் கல்லும் கடித்த தழும்புகள். இதழ்களுக்கும் பம்பின் சுவருக்கும் நடுவே, ஒரு விசிட்டிங் கார்டு நுழையவே சிரமப்பட வேண்டிய இடைவெளியில் நான்கு கார்டுகள் சேர்ந்து நுழைந்தன. ஆணிகளில் உப்புத் தண்ணீரின் துரு பூத்திருந்தது. இவை தேய்மானங்கள், மாற்றிவிடலாம். பழையதை வாங்குகிறவன் இதற்கெல்லாம் தயாராகத்தான் வாங்குகிறான்.

பிறகு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து உடம்பைத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல ஃபைபர் 'டக்'கென்று பதில் சொல்லும். முன்னாலிருந்து பின்வரை சொன்னது. பின்சுவரில், பம்பு வெளியே வரும் வாய்க்குப் பக்கத்தில், அம்மாவின் பெயரின் மேல் தட்டியபோது சத்தம் நனைந்த அட்டையைப் போல் அமுங்கியது. 'க'விலிருந்து 'ணி' வரை அமுங்கியது. பெயருக்கு இருபுறமும் நீ சேர்த்திருந்த தாமரைப் பூக்களிலும் அமுங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தாமரை ஏன் என்று. அம்மாவின் பெயர் நீளம் போதவில்லை.

மணப்பெண் அறையிலிருந்து தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கேட்டு வாங்கினேன். சூடு பட்டால் ஸ்டிக்கர் பசை இளகும். மேலாளர் எட்டிப் பார்த்தார். "போட்டுக்கும் மேக்கப்பா சார்?" என்றார். "மேக்கப்பைக் கலைக்கிறேன்" என்றேன்.

அண்ணி என் கையைப் பிடித்தார். "அத்தை பேரைக் கிழிக்கிறீங்களா தம்பி? அதுவும் அவர் கையால ஒட்டினதை?"

"கிழிக்கலை அண்ணி. உரிக்கிறேன்."

உள்ளே ஒரு முழத்துக்கும் மேல் விரிசல். பசை மாவு அடைத்து, தேய்த்து, வெள்ளைச் சாயம் பூசி, அதன்மேல் நம் தாயாரை ஒட்டியிருந்தாய். விரிசலின் நுனியில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை. சுத்தமாக, பொறுமையாகப் போட்ட துளை. விரிசல் அதைத் தாண்டி நான்கு விரற்கடை ஓடியிருந்தது.

அந்தத் துளையை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அந்த நேரத்தில் கார்த்திக் சீட்டுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து, "இது எதுக்குங்க சார்?" என்றார். ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் விரிசல் எதுவும் இல்லை.

ஞாபகம் வருகிறதா அண்ணா? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பகலில் நீ போன் செய்தாய்.

"டேய் சேகர், பாத்ரூம் வாளி விரிசல் விட்டுடுச்சுடா. தூக்கிப் போட மனசு வரலை. என்ன பண்ணலாம்?"

"விரிசல் நுனியில சின்னதா ஒரு ஓட்டை போடு, அதுக்கு மேல ஓடாது. அப்புறம் பசை மாவு வெச்சு அடைச்சிடு."

"தாங்குமா?"

"வாளிதானே, தாங்கும்."

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டாய். அன்று எனக்கு முன்னால் நாற்பது விடைத்தாள்கள். இன்று ஒன்று மட்டும் கேட்கிறேன். போனில் அன்று உன் குரலோடு காற்றின் இரைச்சலும் கேட்டதே, உன் குளியலறையில் அவ்வளவு காற்று எப்படி அடித்தது?

படகை விற்றவரின் எண்ணை உன் டைரியிலிருந்து எடுத்துக் கூப்பிட்டேன். ஒளிக்காமல் சொன்னார். விரிசலைக் காட்டித்தான் அந்த விலைக்குக் கொடுத்தாராம். நீ கரையோரம் தள்ளிப்போய் நின்று உன் தம்பிக்குப் போன் செய்தாயாம். திரும்பி வந்து கை கொடுத்தாயாம்.

'படகு' என்று சொல்லியிருந்தால் நான் விடைத்தாள்களை அப்படியே போட்டுவிட்டுக் கத்தியிருப்பேன். வாளி ஒரே வார்ப்பு. படகின் உடம்பு துணி துணியாக அடுக்கிப் பசை ஊற்றியது. நீர் அடுக்குகளுக்குள் இறங்கினால் துளை என்ன செய்யும்? வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்ததால் வாளி என்றாய். முழுப் பொய் சொல்லியிருந்தால்கூட உன்னை மன்னிக்க ஒரு வழி இருந்திருக்கும்; நான் அதற்கு வெளியே நின்றிருப்பேன். நீ என்னிடம் பாதியைக் கேட்டு, பாதிக்கு விடை வாங்கி, அதன்மேல் என் மகளை உட்கார வைத்தாய்.

படகைப் பார்த்த அன்று மாலை அபியிடம் கேட்டேன். "பெரியப்பா பாட்டுப் பாடிட்டே வாளியில தண்ணி எறச்சார்பா. ஏன்னு கேட்டா, என்ஜினுக்குத் தாகம், குடிச்சது போக மிச்சத்தைக் கொட்டறேன்னார்" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எத்தனை வாளி அண்ணா? கரை எவ்வளவு தூரத்தில் இருந்தது? அந்தப் பாட்டு அவளுக்காகவா, உனக்காகவா?

அன்று பகல், மண்டபத்துப் பின்வாசலில், கார்த்திக் என்ன சொன்னார் தெரியுமா? விரிசலைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"கிராக் இருக்குன்னு இப்பத் தெரிஞ்சு போச்சுல்லங்க சார். அப்ப ரேட்டைக் கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க. நான் யூடியூப்ல பாத்து ஃபைபர் அடிச்சுக்கறேன்."

உன் குரல், அண்ணா. ஊர் மட்டும் வேறு.

"இது விற்பனைக்கு இல்லை" என்றேன்.

"ஓனர் அவங்கதானேங்க?"

உண்மை. நான் அண்ணியைப் பார்த்தேன். மண்டபம் காலியாக வேண்டும், மூன்றே நாளில் ஆள் கிடைத்துவிட்டது, வாங்குகிறவர் எல்லாம் தெரிந்தே வாங்குகிறார். அண்ணி தலையசைத்தால் முடிந்தது. அவர் என்னையும் பார்க்கவில்லை, படகையும் பார்க்கவில்லை. கார் ஜன்னலைப் பார்த்தார்.

"அந்தச் சின்ன ஜாக்கெட் எத்தனை வயசுக்குப்பா?"

"நாலுங்க."

"நீ கிளம்புப்பா" என்றார் அண்ணி.

கார் போனபின், படகு நின்ற டிரெய்லரின் கம்பிமேல் உட்கார்ந்தார். உரித்த ஸ்டிக்கர் சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீவி நீவிப் பிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அபி உக்காந்த இடமா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். "அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

மூன்று மாதம்கூட ஆகாத விதவை கேட்கிறார். வேறு யாராக இருந்தாலும் இல்லையென்று சொல்லியிருப்பார்கள். நீயாக இருந்தால் சிரிக்கவும் வைத்திருப்பாய். நான் அந்தத் துளையைக் காட்டினேன். அன்றிலிருந்து அண்ணி உன் படத்துக்கு முன்னால் நின்று பேசுவதில்லை. பூ மட்டும் வைக்கிறார். அதற்கு நான்தான் காரணம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

போன வாரம் அண்ணி போன் செய்தார். "மிக்ஸி ஜார் மூடி விரிசல் விட்டிருக்கு தம்பி, ஒட்டினா தாங்குமா?" ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, அந்த நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போய்ப் பார்த்தேன். மிக்ஸி ஜார் மூடிதான். அண்ணி காபி கொடுத்தார்.

என்ஜினையும் பம்பையும் கழற்றிக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டேன். உடம்பை வரும் சனிக்கிழமை ரம்பம் வைத்து அறுக்கப் போகிறேன். நீ போட்ட துளையிலிருந்து ஆரம்பிப்பேன். இன்னொருவர் அதை ஒட்டி, சாயம் பூசி, இன்னொரு தாயின் பெயரை எழுத முடியாத அளவுக்கு அறுப்பேன். துளை உள்ள துண்டு என் மேஜைக்கு வரும், விடைத்தாள்களுக்குப் பக்கத்தில். இது நான் உனக்குத் தரும் வாக்கு: இனி யார் எதில் விரிசல் என்று சொன்னாலும், தாங்கும் என்று இருந்த இடத்திலிருந்து சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
'அந்த வாளியைக் காட்டு' என்று அன்று கேட்காத உன் தம்பி,
சேகர்