வாசலில் ஐந்து ஜோடி

என் சேக்காளிக்கு,

இன்று காலை ஒரு சாப்பாட்டுப் பைக்குள் ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்தேன். தூக்குவாளிக்குப் பக்கத்தில், பழைய பேப்பரில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தது. பைக்குச் சொந்தக்காரி புதிதாக வேலைக்கு வந்த பெண். காலேஜ் முடித்த கையோடு வந்திருக்கிறாள். பட்டாசுக்கு மருந்து அடைக்கும் அறை வாசலில் நான்கு ஜோடி கிடந்தது. உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பை ஒளித்து வைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். மேனேஜரைச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்கம்மாதான்க்கா சொல்லிவிட்டுச்சு. எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தானாமே" என்றாள்.

எனக்குக் கோபம் வருவதற்குள் உன் ஞாபகம் வந்துவிட்டது.

நாம் பிளஸ் டூ முடித்த வருஷம் திருத்தங்கலில் ஒரே வேன் ஏறி, ஒரே கம்பெனியில் ஒரே அறைக்குள் போய் உட்கார்ந்தோம். சுவரில் சிவப்புப் பெயின்டில் "ஆட்கள் 4" என்று எழுதியிருந்தது, அதற்கு மேல் ஆள் கூடாது. மருந்து அறைக்குள் செருப்பு ஆகாது. அதனால் உள்ளே எத்தனை பேர் என்பதைச் சோதனைக்கு வருகிற அதிகாரிக்கு வாசலே சொல்லிவிடும். எல்லோரும் செருப்பை உதறிவிட்டு ஓடுவோம், நீ மட்டும் திரும்பி நின்று, முன்பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி ஜோடியாக வைப்பாய். "வெடிச்சா செருப்ப மாட்டிக்கிட்டுத்தான் ஓடுவியோ மகராணி?" என்று கேட்பேன். "வீட்டுக்குப் போற நெனப்போட உள்ள போகணும் புள்ள" என்பாய். நான் அதற்கும் சிரித்தேன்.

அந்த சீசனில்தான் ஆனைக்குட்டத்துப் பெண்ணைக் கூட்டி வந்து நம் அறையில் விட்டார் போர்மேன் அண்ணாச்சி. வடநாட்டு ஆர்டர், லோடு நிற்கிறது என்றார். போகிறபோது அவளிடம், "செருப்ப வெளிய போடாத, பையில வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அப்படியே செய்தாள். நாங்கள் மூவரும் வேலையில் குனிந்துகொண்டோம். நீ எழுந்து போய் அவள் பையிலிருந்து செருப்பை எடுத்து, நம் செருப்புகளோடு வரிசையில் வைத்தாய்.

அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். நீ குரலை உயர்த்தவில்லை. "செருப்ப ஒளிச்சுருவீக அண்ணாச்சி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, ஆள எங்கன ஒளிப்பீக?"

"அம்புட்டுப் பேச்சா? அப்ப இவள வீட்டுக்கு அனுப்பிருறேன்" என்றார் அவர்.

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார், அவள் கூலியில்தான் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். எனக்கு உன் மேல்தான் ஆத்திரம் வந்தது. "பாத்தியா, ஒன் நியாயம் அவ வயித்துல அடிச்சிருச்சு" என்றேன். நீ வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாய். "நாலு பேருதான? அவ உள்ள இருக்கட்டும். நான் இங்கன குழாய் ஒட்டுறேன்."

காகிதக் குழாய் ஒட்டினால் பாதிக் கூலிகூடத் தேறாது. மறுநாள் மனசு கேட்காமல் நான் வெளியே உட்கார்ந்தேன். அப்புறம் அதுவே முறையாகிவிட்டது. தினம் ஒருத்தி வெளியே, சனிக்கிழமை வாங்குகிற கூலி ஐந்து பேருக்கும் சமமாக. முணுமுணுப்புக்குக் குறைவில்லை. அதில் பாதி என்னுடையது. தங்கச்சி கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஊருக்குப் பங்கு வைக்க எனக்கென்ன தலையெழுத்தா என்று வேனில் உன்னோடு சண்டை போட்டேன். "நாம பங்கு வச்சா அது நம்ம பொழப்பு. அறை தெறக்க வேண்டியது அவுக பொறுப்பு, அதையும் விடக் கூடாது" என்றாய். விடவும் இல்லை. சனிக்கிழமைதோறும் கூலி வாங்குகிற இடத்தில், அத்தனை பேர் முன்னால், "பக்கத்து அறை பூட்டியே கெடக்கே, எப்பத் தெறப்பீக அண்ணாச்சி?" என்று கேட்பாய். பிறகு ஐந்து பேரும் கேட்டோம். தை மாதம் அந்த அறையைத் திறந்தார்கள்.

உன்னைப் பெரிய தியாகி ஆக்கிவிட்டேனோ? அதுவும் சரியில்லை. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி போனபோது கோயில் வாசலில் உன் புதுச் செருப்பு காணாமல் போனதே, பஸ் ஏறுகிற வரைக்கும் மாரியம்மாளையே திட்டிக்கொண்டு வந்தாய். "கம்பெனி வாசல்ல அம்புட்டு வருசம் கெடந்துச்சு, ஒருத்தி தொடல. ஒன் வாசல்ல ஒரு மணி நேரம் தாங்கலயே ஆத்தா!" பஸ்ஸே சிரித்தது.

நீ போனது காய்ச்சலில். சிவகாசிப் பக்கம் என்றதும் வெளியூர்க்காரர்கள், "வெடி விபத்தா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் கொஞ்சம் ஏமாந்த மாதிரி பார்க்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் ஊர்ப் பெண் செத்தால்கூட அவர்களுக்குச் சத்தம் கேட்க வேண்டும். துக்கத்துக்கு வந்த நாளில் உன் வீட்டு வாசல் முழுக்கச் செருப்பு. ஓரமாக உன்னுடையது, வெளியே பார்த்தபடி. அப்போதுதான் அழுதேன்.

இப்போது நான் சூப்பர்வைசர். மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. இன்று காலை ஐந்து பேரையும் வெளியே வரச் சொல்லி அறையைப் பூட்டினேன். மேனேஜர் வந்தார். "சீசன் முடியுற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டா என்னம்மா? தீபாவளிக்குப் பெறகு ஒனக்கு இங்க வேல வேணுமா வேண்டாமா?" என்றார். பயமாக இருந்தது. இப்போதும் பயம்தான், உன்னிடம் என்ன மறைக்க? "கடைசி அறை பூட்டிக் கெடக்கு. அதத் தெறங்க சார்" என்றேன்.

அவர் முறைத்துவிட்டுப் போனதும் மரத்தடியில் அந்த ஐந்து பேரிடமும் உன் கதையைச் சொன்னேன். கூலி குறையுமே என்று அதிகம் முணுமுணுத்தவள்தான் முதல் ஆளாகக் குழாய் ஒட்டும் காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தாள்; மற்ற நால்வருக்கும் அறைப் பூட்டைத் திறந்துவிட்டேன். சனிக்கிழமை கூலி வாங்குகிற இடத்தில் ஐந்து பேரும் கேட்கப் போகிறார்கள். ஆறாவதாக நானும் கேட்பேன்.

சாயங்காலம் வேன் வந்ததும், புதுப் பெண் என் காலடியில் குனிந்து பார்த்தாள். "ஏன்க்கா, ஒங்க செருப்பு மட்டும் திரும்பிக் கெடக்கு?"

ஆபீஸ் அறை வாசலில், முன்பக்கம் வெளியே பார்க்க, ஜோடியாகக் கிடந்தது. எப்போதிலிருந்து அப்படி வைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"வீட்டுக்குப் போகத்தான்" என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்.