சுவர்ப் பக்கம் தேயாத பெட்ஷீட்

போன இடத்திலும் காலை நீட்டிப் படுத்திருக்கும் என் மாமாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. மைசூரில் ஒரு வாரமாகத் தூறல், மொட்டை மாடிக் கொடியில் ஒன்றும் காயவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது மழையைப் பற்றி இல்லை. சென்னிமலையில் வாங்கி, பாலாறு செக்போஸ்ட் வழியாகப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்களே, அந்தப் பச்சைக் கரை பெட்ஷீட் கிழிந்துவிட்டது.

விரிக்கும்போது முழங்காலை ஊன்றினேன். சத்தமே இல்லாமல் நைந்து பிரிந்தது. என் பக்கம்தான். சுவரோரம், உங்கள் பக்கம், இன்னும் கெட்டியாக இருக்கிறது.

நான் துணி பார்க்கிற விதம் உங்களுக்குத் தெரியாததா? வெந்நீர் படவிட மாட்டேன். முறுக்கிப் பிழிய மாட்டேன். ஒரே இடம் தேயக்கூடாதென்று ஒவ்வொரு துவையலுக்கும் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பி விரிப்பேன். மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வந்து காலைக் கழுவாமல் கட்டிலில் ஏறினால் விடுவேனா? "ஏனுங் அம்மணி, பெட்ஷீட்டுக்குக் குடுக்கற மரியாதைல பாதி கட்டுன புருசனுக்குக் குடுத்தா ஆகாதுங்களா?" என்பீர்கள். கால் நகத்தை வெட்டச் சொன்னால் மட்டும் காதில் விழாது. அந்த நகம் மாட்டிக் கிழித்த இடத்தை நான்தான் தைத்தேன்.

நீங்கள் போன பிறகு நான் அதைத் திருப்பவில்லை. துவைப்பேன். அந்தத் தையல் சுவரோரம் கால்மாட்டில் வருகிறதா என்று பார்த்துத்தான் விரிப்பேன்.

நம் மஞ்சுளா கிழிசலைப் பார்த்துவிட்டு, "சும்னே எதுக்கும்மா இத வெச்சுக்கிட்டு? புதுசு வாங்கலாம், இது தரை தொடைக்க ஆகும்" என்றாள். பெற்ற பெண்ணென்றும் பார்க்காமல் திட்டிவிட்டேன். அவளும் திருப்பித் திட்டியிருந்தால் தேவலை. பெட்ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் கொசுவலை மாதிரி, இன்னொரு பக்கம் புதுசு.

"அப்பா போனதுல இருந்து நீங்க திருப்பவே இல்ல, அல்வாம்மா?" என்று தமிழில் ஆரம்பித்து, 'இல்லையா' என்பதை மட்டும் கன்னடத்தில் முடித்தாள். அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் நான் உள்ளே போய்விட்டேன்.

பயம் மாமா. திருப்பினால் நீங்கள் படுத்த இடத்தில் நான் படுக்க வேண்டும். அதையும் நானே தேய்த்துத் தீர்த்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? திருப்பாமல் விட்டால் முழுசும் போய்விடும். இதைப் போய் யாரிடம் கேட்பேன்? கேட்க வேண்டிய ஆள்தான் எழுந்து போய்விட்டதே.

வேலைக்குப் போகும் முன் மஞ்சுளா ஊசியில் நூல் கோத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒட்டுத்துணி வைத்துக் கிழிசலைத் தைத்துவிட்டேன்.

இன்று கொஞ்சம் வெயில் வந்தது. துவைத்துப் போட்டிருக்கிறேன். சாயங்காலம் திருப்பித்தான் விரிப்பேன், இது சத்தியம். இனி ஒவ்வொரு துவையலுக்கும் திருப்புவேன். உங்கள் நகம் கிழித்த இடம் இன்றைக்கு என் தலைமாட்டுக்கு வரும். அதன்மேல் தலையணை வைக்க மாட்டேன், கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்கிறேன்.

நகம் வெட்டச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன
உங்கள் அத்தை மகள்
சரசு