கிழக்குச் சுவர்ப் பலகை

ராயபுரம்,
கர வருடம், ஐப்பசி மாதம்.

ரங்கூனில் இருக்கும் அத்தானுக்குச் சீனியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும், தம்பி ராசையாவும், கடையும், கடை வாசலில் படுத்திருக்கும் நாயும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் தொந்தியும் எப்படி என்று எழுதவும். தொந்தியைப் பற்றி ஏன் கேட்கிறேன் என்றால், கட்டடம் மூன்றாம் மாடிவரை ஏறிவிட்டது. நீங்கள் முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினால், மீதியைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி இழுக்கவேண்டும். மேஸ்திரி நீலமேகத்திடம் கப்பி இருக்கிறது. கேட்டு வைத்துவிட்டேன்.

நம் தெருவில் எல்லாம் ஓட்டு வீடு. நடுவே இது மட்டும் நாரை மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. கீழே கடையும் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியும். முதல் மாடி வாடகைக்கு. இரண்டாம் மாடி உங்களுக்கும் எனக்கும். மொட்டை மாடியில் ஏறினால் துறைமுகம் அத்தனையும் தெரிகிறது. நேற்று புகை விட்டுக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. ரங்கூன் கப்பலா என்று நீலமேகத்தைக் கேட்டேன். கப்பல் மேல பேரா எயுதி ஒட்டிக்கீது, நான் படிக்கிறதுக்கு, என்கிறான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னோடு பேசிப் பேசி வந்த நீளம் என்று ராசையா சொல்கிறான்.

சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க ராசையா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பைத் தேய்த்துவிட்டான். புதுச் செருப்பு வாங்கினான். அதைக் கடை நாய் தூக்கிக்கொண்டு போய்த் தண்டவாளத்தில் போட்டது. தென்னாட்டான் செருப்பின் ருசி அதற்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

கண் திருஷ்டிக்குப் பொம்மை கட்டவேண்டும் என்றார்கள். வைக்கோல் திணித்து, நீங்கள் போன தடவை விட்டுவிட்டுப் போன கோடு போட்ட சட்டையை மாட்டி, மூன்றாம் மாடிச் சாரத்தில் நிறுத்தினோம். வயிற்றுக்கு மட்டும் இரண்டு கட்டு வைக்கோல் கூட வைக்கச் சொன்னேன். மீன் கூடையோடு போகிறவர்கள், அய்யாத்தொரை மொதலாளி வந்துட்டார்டோய், என்று கீழே நின்று கூவுகிறார்கள். இந்த முதலாளியால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. காபி கேட்பதில்லை. காக்கை தலையில் உட்கார்ந்தாலும் கோபிப்பதில்லை. பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். போன தடவை நீங்கள் வந்திருந்தபோதும் இப்படித்தான் இருந்தீர்கள்.

நீங்கள் அனுப்பிய தேக்கு நிலைகளும் கதவுகளும் வந்து சேர்ந்தன. ரங்கூனில் உங்களிடம் வேலை பார்க்கும் கமால்தான் கூடவே வந்து துறைமுகத்தில் இறக்கிக் கொடுத்தான். கப்பலிலேயே அவனுக்குக் காய்ச்சலாம். வீட்டில் போய்ப் படுத்துவிட்டான். வண்டிக்காரன் மட்டும் சாமானைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனான். அதில் சாக்குப் போட்டுத் தைத்து ஒரு பலகை இருந்தது. பிரித்தால், சிவப்புப் பூச்சும் தங்க ரேக்குமாகக் கொடி கொடியாய்ச் செதுக்கின வேலை. சுவரில் மாட்டுகிற மாதிரி தாங்கு கட்டைகளும் சேர்த்தே இருந்தன. எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அழகாய் இருக்கிறதே என்று ராசையா கடையில் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் அடித்துவிட்டான்.

இப்போது வேலைக்கு வருகிறேன். மூன்றாம் மாடிக்குத் தனி அடுப்படி வை, அதை மட்டும் வாடகைக்கு விடாதே என்று எழுதினீர்கள். யாருக்கு என்று எழுதவில்லை. ராசையா தினமும் கேட்கிறான். யக்கா, காத்துக்கும் காக்காய்க்குமா ஒரு மாடி, நமக்கென்ன கிறுக்கா, என்கிறான். நீலமேகமோ, ஆளில்லாத மாடிய பூட்டி வெச்சா பேய்தாம்மா குடி வரும், என்கிறான். வாடகை ஒழுங்காய்க் கொடுக்கிற பேயாய்ப் பார்த்துச் சொல் என்றேன். சிரித்துவிட்டு வந்துவிட்டேனே தவிர, எனக்கும் தெரியவேண்டும். தையில் பால் காய்ச்ச வந்துவிடுகிறேன், இனி ரங்கூன் போதும் என்றும் எழுதினீர்கள். நீங்கள் வருவது நிச்சயம்தானே? மூன்றாம் மாடி யாருக்கு? இந்த இரண்டுக்கும் மறுதபாலில் பதில் வேண்டும்.

சாத்தூரில் நம் மகளுக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்புக்குப் போய் வந்தேன். நீங்கள் தாத்தா ஆகப்போகிறீர்கள். மீசைக்கு மை அடிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

கடல் உங்களை அலுங்காமல் கொண்டுவந்து கரையில் இறக்கட்டும்.

இப்படிக்கு,
மூன்று மாடி ஏறி இறங்கி இளைத்துப்போன
சீனியம்மாள்.


ராயபுரம்,
கார்த்திகை மாதம்.

அத்தானுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. பரவாயில்லை. பதில் கமால் காலில் நடந்து வந்தது.

காய்ச்சல் விட்டு முந்தாநாள் கடைக்கு வந்தான். ஆள் பாதியாய் இருந்தான். சுக்குக் காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவன் சுவரைப் பார்த்தான். டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டான். அந்தப் பலகையில் ராசையாவின் செருப்பு இருந்தது. நாய்க்கு எட்டக்கூடாதென்று அவன் தினமும் அதன் மேல்தான் வைக்கிறான்.

அய்யோ, இன்னாக்கா பண்ணிவெச்சிக்கிறீங்கோ, மொதல்ல செருப்ப எடு, என்று கமால் பதறினான். அது பர்மாக்காரங்க வூட்ல சாமி வெக்கிற பலகைக்கா, புத்தர் சாமி, கெழக்கு செவுத்துல தலைக்கு மேல வெப்பாங்கோ, மூணாவது மாடில மாட்டச் சொல்லி மொதலாளி எங்கையில சொன்னாரு, நான் காய்ச்சல்ல பட்த்துக்கினேன், என்றான். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு மூன்றாம் கிளாஸ்தான் படிப்பு. ஆனாலும் கணக்கு வரும். நம் குலசாமிக்கு இரண்டாம் மாடியில் மாடம் வைத்தாகிவிட்டது. மூன்றாம் மாடிச் சாமியைக் கும்பிடுவது யார்? நான் கமாலிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். குழந்தை பெண்ணா, பையனா என்றேன். அவன் யோசிக்காமல், பொண்ணுக்கா, என்றுவிட்டான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, என்ன எதுவும் கேக்காதக்கா, மொதலாளியே வந்து சொல்வாரு, என்று எழுந்து போய்விட்டான். காபியை முழுக்கக் குடிக்கவில்லை. அவனைத் திட்டி எழுதாதீர்கள். நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு மத்தியானம் சோறு வடித்தேன், இறங்கவில்லை. அவ்வளவையும் நாய்க்குப் போட்டேன். அதற்குத் தீபாவளி. பிறகு மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் அந்த அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தப் பொம்மை நின்றது. அதை என்னென்ன கேட்டேன் என்று இங்கே எழுதமாட்டேன். கீழே சாந்து குழைக்கிற முத்தம்மா மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்து, யார்கூட பேசிக்கினுகீற, என்றாள். என் புருஷனோடு என்றேன். பதிலு சொல்றாரா, என்றாள். வைக்கோல் என்ன பதில் சொல்லும்?

ராசையாவுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. மூஞ்சி சிவந்துவிட்டது. பலகைய வெட்டி அடுப்புல வைக்கேன் பாரு, அத்தானை இந்தப் படி ஏறவிட்டா நான் நம்ம அய்யா மகன் இல்லை, என்று அரிவாளைத் தேடினான். தேக்கு எரிந்தால் புகை கண்ணைக் கரிக்கும், அழுகிறோம் என்று ஊர் நினைத்துக்கொள்ளும், விடுடா என்றேன். அவன் இன்னும் என்னோடு சரியாய்ப் பேசவில்லை. நீங்கள் வந்தால் முதலில் அவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டியிருக்கும். அதற்கு நான் குறுக்கே வரமாட்டேன்.

நான் வேறொன்று யோசித்தேன். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்திருந்த வருஷங்களில் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நடந்து வந்தவர்களையெல்லாம் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் நின்று கேட்டேன். பார்த்தேன் என்றவனும் இல்லை, செத்தார் என்றவனும் இல்லை. பொட்டு வைக்கும்போதெல்லாம் கை ஒரு நிமிஷம் நிற்கும், வைக்கலாமா என்று. சண்டை ஓய்ந்து நீங்கள் வந்து நின்றபோது, எலும்பும் தோலுமாக வருவீர்கள் என்று பார்த்தால், தொந்தியோடு வந்தீர்கள். அந்தத் தொந்தியை இத்தனை வருஷமாகக் கேலி பண்ணுகிறேனே, அதற்குச் சோறு போட்டது யார் என்று ஒரு நாள் கேட்டேனா? எனக்குத் தோன்றவே இல்லை.

இதனால் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் கிட்டங்கி நிறைய இருக்கிறது. நீங்கள் வந்த பிறகு சில்லறையில் விற்றுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

நேற்று பலகையைக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். செருப்புக்காக அந்தச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவருக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ, கன்னத்தில் போட்டுக்கொண்டது புரிந்திருக்கும். நீலமேகத்தை விட்டு மூன்றாம் மாடியில் கிழக்குச் சுவரிலேயே அடிக்கச் சொன்னேன். அங்கே எதிர் ஜன்னல் வழியே சாயங்கால வெயில் பலகையில் நேராய் விழுகிறது. இடம் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டிருந்தோம். அதற்குக் கீழே தாழ்வாய் இன்னொரு கட்டை வைக்கச் சொன்னேன். அய்ய, இம்மாங் கீய யாருக்கும்மா கைப்பிடி, கூன் விய்ந்தா புட்ச்சிக்கலாம்னு இப்பவே கட்றியா, என்று நீலமேகம் கேட்டான். ஆமாம், உனக்கும் சேர்த்துத்தான் என்றேன். சிரித்துக்கொண்டே வேலையைச் செய்தான். பிறகு என்ன நினைத்தானோ, பிசிறு இல்லாமல் கட்டையை நன்றாய் இழைத்துவிட்டான், சின்னக் கையில் சிராய் ஏறாதபடி.

பால் காய்ச்ச நாள் பார்த்தாயிற்று. தை மாதம் பொங்கல் கழிந்து முதல் வெள்ளிக்கிழமை. கடையில் ஒரு பானை, நம் அடுப்படியில் ஒரு பானை என்று வாங்கியிருந்தேன். இப்போது மூன்றாவது பானையும் வாங்கிவிட்டேன். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் சண்டை என்பார்கள். மாடி வேறே வேறேதானே, சண்டை போடவேண்டுமென்றாலும் படி ஏறித்தான் போடவேண்டும். எனக்கு முழங்கால் வலி. மேலே குடி வரப்போகிறவளுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. பாதிச் சண்டை அங்கேயே போயிற்று.

அத்தான், உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவர்களைத் துறைமுகத்துப் பக்கம் யார் வீட்டிலாவது விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசவேண்டாம். கமால் மூலமாகவும் சொல்லி அனுப்பவேண்டாம். எல்லாரும் ஒரே வண்டியில் வந்து வாசலில் இறங்குங்கள். தெரு பார்க்கட்டும். மூன்று மாடி கட்டிவிட்டு எதை மறைக்கமுடியும்? இறங்கியதும், இது இன்னார் என்று உங்கள் வாயாலேயே எனக்குச் சொல்லுங்கள். தெரிந்தாலும் தெரியாத மாதிரி கேட்டுக்கொள்கிறேன். அந்த மரியாதை எனக்கு வேண்டும்.

சாரம் எல்லாம் பிரித்தாகிவிட்டது. பொம்மையை இறக்கட்டுமா என்று நீலமேகம் கேட்டான். வேண்டாம், மொட்டை மாடிச் சுவரில் கட்டி வை, அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரர் வந்து இறக்கிக்கொள்வார் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் நானும் அதுவும் கப்பல் பார்க்கிறோம்.

மார்கழியில் கடல் காற்று குளிரும். கப்பல் தளத்தில் படுக்கவேண்டாம். கம்பளி இல்லாவிட்டால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், சின்னதாய் ஒன்றும் சேர்த்து. அங்கேயுள்ள சாமியும் இங்கேயுள்ள சாமியும் துணை இருந்து, மூன்று பேரும் நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடியில் இருக்கும்
சீனியம்மாள்.