வேன் வராது

மச்சான்,

போனில் பேசினால் மாமி பக்கத்தில் வந்து நிற்கிறார். அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

உங்களை அழைக்க ஏர்போர்ட்டுக்குப் பேசியிருந்த வேனை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் வண்டியூர் சனமே அதில் ஏறி வந்து உங்களைக் கட்டிப்பிடிக்க இது என்ன பெருநாளா? "எம்மகனக் கூப்பிடப் போகாதன்னு சொல்ல நீ யாருடி?" என்று மாமி கத்தினார். "அவரு பொண்டாட்டி" என்றேன்.

நீங்கள் வேலை பார்க்கும் நாட்டில் பரவும் புது வைரஸ் பற்றி இங்கே டிவியில் ஓயாமல் சொல்கிறார்கள். நீங்கள் வெறும் சளி என்கிறீர்கள். மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டு விமானம் ஏறிவிடலாம் என்று சிரிக்கிறீர்கள். வீடியோ காலில் உங்களுக்குப் பின்னால், உங்களோடு அறையில் தங்கியிருக்கும் சிக்கந்தர் அண்ணன் கட்டிலில் மெத்தையே இல்லை. எப்போதும் எட்டிப் பார்த்து "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்பவர். அவருக்கு என்ன ஆனது என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏறாதீர்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேம்ப் மேனேஜர் வேலையைப் பறித்தால் பறிக்கட்டும். மீறி வந்தால் மாடி அறைதான், சோறு கதவுக்கு வெளியேதான். பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டேன்.

என் மேல் கோபப்படுங்கள். கிழவனாகும் வரை கோபப்படுங்கள். அதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

உங்கள் பிடிவாதக்காரி