சரியானால் வரமாட்டார்கள்

9 ஜூன், திங்கள்
காலையிலேயே வெயில். குடை மறந்தாச்சு. பம்மல், ராணி அக்கா வீடு, கவுன்சலிங் விசிட். ஷேர் ஆட்டோ கவிழ்ந்து அடிபட்டதிலிருந்து அக்கா எந்த வண்டியிலும் ஏறியதில்லை. பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் வேலையும் நின்றுபோனது. முதலில் ஸ்டாப்பில் சும்மா நின்று பழகினோம். பிறகு நிற்கிற ஆட்டோவில் உட்கார்ந்தோம். இன்று பல்லாவரம் வரை தனியாகப் போய்த் திரும்பினார்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிகிச்சு. அப்பால தானா அடங்கிடுச்சும்மா."

இதைத்தான் படித்தேன். பயந்ததைச் செய்து பார்த்து, ஒன்றும் ஆகாது என்று உடம்பு கற்றுக்கொள்வது. அடுத்த திங்கள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டாராம் முதலாளி. சந்தோஷத்தில் இரண்டு சமோசா.

11, புதன்
ஆபீசில் ஃபேன் ஓடவில்லை. ராணி அக்கா கேஸை சார் மூடிவிட்டார். விசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமே என்றேன்.

"அதான் சரியாயிட்டாங்களே மேடம். இன்னும் எதுக்கு?"

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்போ இனிமே வரமாட்டியா?" அக்காவுக்குக் கணவர் இல்லை, மகன் ஓசூரில். அந்த வீட்டுக்குள் நுழைகிற ஒரே ஆள் நான்.

13, வெள்ளி
தலைவலி. சிலிண்டர் புக் பண்ணணும். அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் போன்: அக்கா மறுபடி வாசலைத் தாண்டுவதில்லை. சாரிடம் சொன்னேன்.

"அப்போ ரீஓப்பன் பண்ணிடுங்க. வாரா வாரம் போங்க."

எவ்வளவு சுலபம். பயந்தால் ஆள் வரும், தேறினால் வராது. சோதனைக்கூட எலிக்குக்கூட இது புரியும். அக்கா நடிக்கவில்லை, பயம் நிஜம். தீனி போடுவது நாங்கள்.

ரீஓப்பன் பண்ணவில்லை. அக்காவிடம் போனில்: "ஞாயித்துக்கிழமை ஷேர் ஆட்டோ புடிச்சு தாம்பரம் வாங்கக்கா. சேர்ந்து டிபன் சாப்பிடலாம். இனி வாரா வாரம். ஆபீசுக்காக இல்ல, நானா வரேன்."
ஆட்டோ ஏறி வந்தால்தான் நான் கிடைப்பேன். அதுதான் பாடம்.

15, ஞாயிறு
மேகமூட்டம். தாம்பரம் பஸ் ஸ்டாண்ட். பம்மலிலிருந்து வந்த ஒவ்வொரு ஆட்டோவையும் எட்டிப் பார்த்தேன். காணோம். நாளை வேலைக்குப் போகாவிட்டால் முதலாளி வேறு ஆள் வைத்துக்கொள்வார். அக்காவிடமிருந்து போன்.

"ஏற முடியலம்மா. நீ இங்க வந்துடேன். சங்கரா மீனு வாங்கி கொழம்பு வச்சிகினு கீறேன்."

போகக்கூடாது. இன்று போனால் அத்தனையும் போச்சு. நாளை அவர் வேலைக்குப் போகமாட்டார். தெரியாதா எனக்கு, படித்தவள்தானே.

காலையிலிருந்து சாப்பிடவில்லை. எனக்கென்று குழம்பு வைக்க என் வீட்டில் யார் இருக்கிறார்கள்.

பம்மல் ஆட்டோவில் ஏறினேன்.