அட்டைப்படத்தில் உன் கை

பூதலப்பட்டைத் தாண்டியதும் பேருந்து நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் மாங்கூழ்த் தொழிற்சாலை வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் வரிசைகட்டி நின்றன. வெயிலில் வெந்த பழம், நசுங்கிப் புளித்த பழம், காம்பில் வடியும் பால், எல்லாம் சேர்ந்த அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்து இருக்கைப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை, அத்தை. ஆனி மாதம் முழுக்க உன் புடவையில் இருந்த வாசனை அது.

திருப்பதியில் எனக்கு இன்று கடைசி செய்முறைத் தேர்வு. புகைப்படம், குறும்படம், இதழ் வடிவமைப்பு மூன்றிலும் நாங்கள் செய்ததில் நல்லதைப் பொறுக்கி ஒரு கோப்பில் அடுக்கி, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் வைக்க வேண்டும். முதல் பக்கத்தில் உன் கையின் படத்தை வைத்திருந்தேன். அது யாருடைய கை என்று அவர் கேட்பார் என்று தெரியும். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. போன வருஷம் இதே கேள்வியை வேறொருவர் கேட்டார். பதில் என் வாய்வரை வந்துவிட்டது. நீதான் வெளியே விடவில்லை.

உனக்குப் படம் பிடித்துக்கொள்வதில் இருந்த ஆசை ஊருக்கே தெரியும். கல்யாண வீட்டில் கேமராக்காரர் தலை தெரிந்தால் முதல் வரிசையில் நிற்பாய். பூ சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்பாய். கைகளை மட்டும் முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாய். வருஷா வருஷம் பழம் அறுத்து அந்தக் கைகள் கறுத்து, நகக்கண் உரிந்து கிடந்தன. வேன் கதவில் நசுங்கிய வலக்கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக மடங்கிப்போய் அப்படியே நின்றுவிட்டது. "மூஞ்சி வுழுந்தா போதும்டி, கையி யாருக்கு வோணும்" என்பாய்.

எனக்கு வேண்டியது அந்தக் கைகள்தான். அங்கேதான் நம் சண்டை ஆரம்பித்தது.

போன வருஷம் வகுப்பில் மூன்று செய்முறைக்கும் ஒரே பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் மாம்பழம் என்று எழுதிக் கொடுத்தேன். விடுமுறையில் ஊருக்கு வந்து, எப்போதும்போல உன்னோடு தொழிற்சாலை வேனில் ஏறினேன். அங்கே கையுறை கொடுப்பார்கள். காலையிலேயே கிழிந்துவிடும். வேறு கேட்டால் நிதானமாக அறுத்தால் கிழியாது என்பார் சூப்பர்வைசர். நிதானமாக அறுத்தால் அதற்கும் திட்டுவார். பழச்சாறு விரலிடுக்கில் எரிய எரிய, வெறுங்கையோடு அறுத்துக்கொண்டிருந்த பெண்களை நான் பார்த்தேன். ஒருத்தி முகத்தைக் காட்டினாலும் அவள் வேலை போய்விடும். கையைக் காட்டலாம் என்று நினைத்தேன். கைக்குப் பெயரா எழுதியிருக்கிறது?

ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீ என் ஃபோனை ஒரு பாலிதீன் பையில் சுற்றிச் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் வைத்தாய். காவலுக்கு நின்ற பெண் மேல்தட்டைத் திறந்தாள். அடுத்ததையும் திறக்கக் கை வைத்தாள். நீ அவள் முகத்துக்கு நேராகத் தூக்கை நீட்டி, "இன்னாமா, துன்றியா? ஊறுகா கீது" என்றாய். அவள் சிரித்து மூடியைப் போட்டுவிட்டாள்.

கூரைத் தகட்டில் வெளிச்சத்துக்காக வைத்த ஃபைபர் பலகை வழியாக, பகலில் கொஞ்ச நேரம் உன் மேசைமேல் வெயில் நேராக விழும். அதற்காகக் காத்திருந்தேன். கத்தி பிடித்த உன் வலக்கை, அதில் வெளியே நீண்ட சுண்டுவிரல், பிளந்த பழம், பின்னால் நீலக் கூடைகள். வகுப்பில் ஒளியைப் பற்றி மணிக்கணக்காகப் பாடம் கேட்டிருக்கிறேன். அது என்னவென்று அந்த ஒரு கணத்தில்தான் புரிந்தது. புரிந்ததை ரசிக்க நேரமில்லை. ஃபோனைச் சுற்றித் திரும்பத் தூக்குக்குள் தள்ளினேன்.

குறும்படத்துக்கு நம் வீட்டுப் பின்கட்டில் உன்னைப் பேசவைத்தேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் முகம் இருட்டில் மறைந்துவிடும். நீ பவுடர் பூசி, மல்லிகை வைத்து வந்து நின்றாய். கேமராவில் காட்டினேன். வெறும் கறுப்பு உருவம்.

"இருட்டுல குந்திக்கினு பேசறதுக்கா நான் பவுடர் போட்டுக்கினேன்?"

"மூஞ்சி தெரிஞ்சா வேலை பூடும் அத்தே."

"போவட்டும். நான் இன்னா திருட்டு வேலையா செய்யறேன்?"

கோபமாகத்தான் உட்கார்ந்தாய். பேசும்போது அடிக்கடி வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாய். அந்தத் துண்டுகளையெல்லாம் வெட்டி எடுப்பதற்குள் எனக்குக் கண் பூத்துவிட்டது.

அடுத்தது இதழ். அட்டையில் உன் கை முழுப்பக்கத்துக்கும் விரிந்து நின்றது. ஒரே ஒரு குறை. கத்தி முனை இதழின் தைத்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திறக்கும் ஓரத்தைப் பார்த்தால்தான் வாசகரின் கண் உள்ளே போகும் என்று படித்திருந்தேன். கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டேன். அவ்வளவு அழகாகப் பொருந்தியது. எங்கள் மேடம் பார்த்துவிட்டு, செய்திப் படத்தைத் திருப்பினால் அது செய்தி இல்லை, ஜோடனை என்று மதிப்பெண்ணில் கை வைத்தார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஊருக்கு வந்து உன்னிடம் காட்டினால் நீ அவருக்கும் மேலே.

"இது என் கையி இல்லடி. பீச்சாங்கையில கத்தி புடிச்சிக்கினு கீறா பாரு. எவ இவ?"

கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பியிருக்கிறேன் என்று விளக்கினேன். அலமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்று, கரண்டியைப் பிடித்துப் பார்த்தாய். "அட, ஆமா" என்று சிரித்தாய். அதோடு அது முடிந்தது என்று நினைத்தேன்.

திருப்பிப் போட்ட அந்த அட்டையை வகுப்புத் தோழி ஒருத்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அது எங்கெல்லாமோ சுற்றி, தலைப்பும் பெயரும் வெட்டுப்பட்டு, வெறும் படமாக அந்தத் தொழிற்சாலை அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. நீலக் கூடையை அவர்களுக்கா அடையாளம் தெரியாது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் உன் பக்கத்தில் நின்று அறுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பழம் கொண்டுவரும் பெல்ட் நின்றது. அந்த இரைச்சல் நின்றால் பழத்தின்மேல் உட்காரும் ஈயின் சத்தம்கூடக் கேட்கும். சூப்பர்வைசர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். உன் கை அதில் இருந்தது.

"எவரிதி ஈ செய்யி?" என்றார். யார் கை இது?

பயத்தில் வியர்த்து அவர் சட்டை நனைந்திருந்தது. பழக்கூழ் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் வரப்போகிறார்களாம். வெறுங்கையோடு அறுக்கும் படத்தை அவர்கள் பார்த்தால் மொத்தச் சரக்கும் திரும்பிவிடுமாம். சாயங்காலத்துக்குள் அந்த ஆள் யாரென்று தெரியவில்லை என்றால் நம் ஊர் வேனையே நிறுத்திவிடுவோம் என்றார். அந்த ஷெட்டில் அறுத்தவர்கள் எல்லோரும் நம் ஊர் வேனில் வருகிற நம் தெருப் பெண்கள். எல்லோரையும் மேசைமேல் கைகளை வைக்கச் சொன்னார்.

கறுத்த கைகள் வரிசையாக மேசைமேல் படுத்துக் கிடந்தன. படத்தைப் பார்ப்பதும் கையைப் பார்ப்பதுமாக அவர் நடந்து வந்தார். உன்னிடம் வந்தார். உன் இடக்கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் நேராக இருந்தன. படத்தில் தெரிந்தது இடக்கை என்பதால் வலக்கையை அவர் பார்க்கவே இல்லை. நகர்ந்துவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அடுத்து நின்றவள் கௌரி. நம் தெருக்கோடி வீட்டுக்காரி. இடக்கையால்தான் கத்தி பிடிப்பாள். உனக்கு அது தெரியும், எனக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் இல்ல சார். என் வெரல பாரு சார், மடங்கவே இல்ல."

"கத்தி புடிச்சா மடங்கும்லே. ஈ ஷெட்டுல பீச்சாங்கை நீ ஒருத்திதான்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் அவளை வாசல் பக்கம் இழுத்தார். நான் வாயைத் திறந்தேன். எடுத்தது நான் என்பது நாக்கின் நுனியில் இருந்தது. அப்போது உன் கால் என் கால்மேல் வந்து இறங்கியது. ஈரத் தரையில் வெறுங்காலின்மேல் வெறுங்கால். உன் உடம்பின் பாரம் முழுவதையும் அதில் வைத்தாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ கைய வுடு சார். அது என் கையி."

"நீதா? உன் கையா? நீ சோத்துக்கைக்காரி. எவளக் காப்பாத்தற?"

நீ காலை எடுத்தாய். கத்தியோடு நடந்து, கைகழுவும் தொட்டிக்கு மேலே, தொப்பி சரியாக இருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி முன்னால் போய் நின்றாய். "ஃபோன இங்க கொண்டா" என்றாய். உன் குரலைக் கேட்டு அவரே நடந்து வந்தார். நீ வலக்கையில் கத்தியைப் பிடித்து உயர்த்தினாய். கண்ணாடிக்குள் ஓர் இடக்கை உயர்ந்தது. அதன் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. பக்கத்தில் ஃபோனில் இருந்ததும் அதே கை.

"பாத்துக்கினியா? படத்த திருப்பிப் போட்டுக்கிறாங்க."

"யாரு எடுத்தது?"

"நான்தான். ஃபோன கூடைமேல சாச்சி வெச்சிக்கினு எடுத்தேன். என் மூஞ்சி எனக்கே புடிக்கல, அதான் கைய எடுத்தேன்."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். நீ கழற்றி மேசைமேல் வைத்தாய். நானும் என் தொப்பியில் கை வைத்தேன். என்னைக் கடந்து போகும்போது உதடு அசையாமல், "நீ அறு. இப்ப பின்னாடியே வந்தீன்னா தெரிஞ்சிபூடும்" என்றாய்.

அறுத்தேன், அத்தை. பெல்ட் மறுபடி ஓடியது. உன் இடம் காலியாக இருந்தது. உனக்கு வரவேண்டிய பழமும் சேர்த்து என்னிடமே வந்தது. ஒரு பெண்ணும் ஒரு வார்த்தை பேசவில்லை. கௌரியும்தான். அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன் என்பது ஆத்திரத்தை இன்னும் கிளறியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னிடம் கத்தினேன். அவர் உன்னைத் தாண்டிப் போய்விட்டாரே, எதற்காகச் சொன்னாய் என்றேன். நீ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய்.

"அவ கைய புடிச்சி இஸ்துக்கினு போறான். அது என் கையின்னு எனக்குத் தெரியும். அப்புறம் இன்னா கேள்வி?"

"நான் எடுத்தேன்னு சொல்லியிருப்பேன்ல?"

"சொல்லுவ. காலேஜிக்கு ஃபோன் போடுவான். உன் படிப்பு நிக்கும். ஒரு வூட்டுல ஒருத்தி வேல போனா போதும்." கீரைக் காம்பை எடுத்து என்மேல் எறிந்தாய். "ஆனா நீ திருப்பிப் போட்டதால அவன் முழிச்சான் பாரு ஒரு முழி, அது நல்லாதாண்டி இருந்திச்சி."

உன்னை அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. நீ தக்காளி பறிக்கப் போனாய், கடலை ஆயப் போனாய். மார்கழியில் வந்த காய்ச்சல் தையில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கௌரி விடிந்ததிலிருந்து உன் வலக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்க வந்தவர்கள் அவள் விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்றோடு அவள்மேல் இருந்த ஆத்திரம் எனக்குப் போய்விட்டது. என்மேல் இருந்தது போகவில்லை.

இன்று மதியம் என் முறை வந்தது. தேர்வாளர் நரைத்த மீசைக்காரர், நிதானமாகப் பார்க்கிறவர். மேடம் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்தில் படத்தை இந்த முறை எடுத்தபடியே வைத்திருந்தேன், வலக்கை வலக்கையாக. அவர் கோப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தார். கத்தி முனை தைத்த ஓரத்தைப் பார்க்கிறதே, திருப்பிப் போட்டிருந்தால் பக்கம் இன்னும் எடுப்பாக இருக்குமே என்றார். இருக்கும் சார், ஆனால் திருப்ப மாட்டேன் என்றேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

தேர்வாளர் அது யாருடைய கை என்று கேட்டார்.

"எங்க அத்தையோடது சார்."

"தொழிற்சாலைக்குள்ள கேமரா விடமாட்டாங்களே. யாரு எடுத்துக் கொடுத்தாங்க?"

வாயைத் திறந்தேன். என்னை அறியாமல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மேசைக்கு அடியில் என் கால் மட்டும்தான் இருந்தது. இனி அந்தத் தொழிற்சாலைக்காரர்களால் உன்னை எங்கிருந்தும் வெளியே அனுப்ப முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. "நான்தான் எடுத்தேன் சார்" என்றேன். ஒரு வருஷமாக உள்ளே கிடந்த சொல். அவர் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். என்னைத் தடுக்க நீ இல்லையே, அத்தை. அதுதான் தாங்கவில்லை.