நாற்பத்தொன்றாம் எண் காக்காப்பொன்

ஆவணி 3, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

இருந்தவர்கள்: நான். இவர், பேப்பருக்குப் பின்னால். சசிகலா மேடம், காலேஜில் ஜியாலஜி சொல்லித் தருபவர். மாடி வீட்டு ரத்னம்மா, கறிவேப்பிலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டவர். ஆக நாலு பேர். அண்ணா இல்லை. கல் பார்க்கும் ஞாயிறுகளில் அண்ணா இல்லாமல் இது மூணாவது வருஷம்.

மேடம் வந்த காரியம்: காலேஜ் கண்ணாடி அலமாரிக்குப் புதுச் சீட்டு எழுதுகிறார்கள். என் கல் நோட்டை வைத்துச் சரிபார்க்க வேண்டுமாம். எண், கிடைத்த இடம், கொடுத்தவர், நிறம், கீறல், எடை. ஒரு நாள் விடாமல் எழுதி வந்த நோட்டு. காலேஜ் படி மிதிக்காதவளின் நோட்டைக் காலேஜ் கேட்கிறது. காலையில் பெருமையாகத்தான் இருந்தது. அம்பாளுக்கு ரெண்டு பூ அதிகம் வைத்தேன். இப்போது நினைத்தால் கூச்சம்.

எண் 41-க்கு வந்தோம். என் கையெழுத்து, குண்டு குண்டாக: "காக்காப்பொன். சாதாக் கறுப்பு வகை, பயோடைட். கொடுத்தவர் அண்ணா. மாங்கனீசு இல்லை. சிவப்பு = குங்குமம்." அந்தப் பக்கத்திலேயே மடித்த காகிதத்தில் ரெண்டு விரல் அகலத்துக்கு அந்தக் கல்லின் ஒரு ஏடு.

மேடம் ஊசி முனையால் பிரித்தார். ஒன்று ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பிறகு கன்னடத்தில் சொன்னார்:

"விஜி அவரே, ஒளகூ கெம்பே இதெயல்ல ரீ."

உள்ளேயும் சிவப்புத்தான். குங்குமம் நுழையவே முடியாத இடத்தில். புளி போட்டுத் தேய்த்த செம்புச் சொம்பின் நிறம்.

ரத்னம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். "குங்குமா அந்த நீவே ஹேளித்ரல்லா!"

ஆமாம். குங்குமம் என்று நான்தான் சொன்னேன். கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன்.

மேடம் போகும்போது காபி வேண்டாம் என்றார். வழக்கமாக ரெண்டு டம்ளர் குடிப்பவர்.

ஆவணி 4, திங்கள்

தூறல் நிற்கவில்லை. உளுந்து தீர்ந்துபோச்சு.

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

மூணு வருஷம் முன்பு, ஆயுத பூஜை, நஞ்சன்கூட்டில் அண்ணா வீடு. அண்ணா சுரங்க சர்வேயில் ஜீப் ஓட்டி ரிடையர் ஆனவர். ஆபீசர்கள் கல் உடைப்பார்கள், வேண்டியதை எடுப்பார்கள். மிச்சத்தை அண்ணா பொறுக்கி சீட்டுக்கு அடியில் வைப்பார். எனக்குக் கல் பைத்தியம் பிடித்ததே அவர் கொண்டுவந்து கொட்டினதில்தான்.

பூஜைக்கு வரிசையாக வைத்திருந்தார்: ஜீப் சாவி, சுத்தியல், பூதக்கண்ணாடி, கையகலத்தில் ஒரு காக்காப்பொன் கல். ஒரு மாங்கனீசு சுரங்கத்தின் ஓரத்தில் எடுத்ததாம். எல்லாவற்றுக்கும் அண்ணி சந்தனம், குங்குமம் வைத்திருந்தாள். அண்ணா பொண்ணின் மாமனார் மாமியார் வந்திருந்தார்கள். அவர்களிடம் அண்ணா சொன்னார்: "இது மாங்கனீசு மைக்கா. லேசில கிடைக்காது. காலேஜ்ல கேட்டிருக்காங்க. என் பேரோட கண்ணாடிக்குள்ள வெப்பாங்க."

சம்பந்தி: "டிரைவர் பேரு கண்ணாடிக்குள்ளயா? லைசென்ஸ்தான் வெப்பாங்கன்னு நினைச்சேன்."

அங்கே நான் அண்ணாவுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். மாறாக, ஈரப் பஞ்சை எடுத்துக் கல்லின் ஓரத்தைத் துடைத்தேன். பஞ்சு சிவந்தது. தூக்கிக் காட்டினேன்.

"அண்ணா, உங்க மாங்கனீசு அண்ணியோட சிமிழ்லேர்ந்து வந்திருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி இன்னும் ஒரு படி மேலே போய், "அப்ப சுரங்கமே வீட்டுக்குள்ள இருக்குன்னு சொல்லுங்க" என்றார். அண்ணாவும் சிரித்தார். பிறகு நகத்தால் ஒரு ஏட்டை உரித்து என்னிடம் கொடுத்தார். "நீயே நல்லா பார்த்துச் சொல்லு விஜி."

நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே முடிவாகிவிட்டது. வந்ததும் நோட்டில் எழுதினேன், மேடத்துக்கும் சொன்னேன். மேடம் என்னை நம்பி அண்ணாவின் கல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

ஏன் அவ்வளவு நிச்சயம்? புதுசாக ஒரு கல் வீட்டுக்கு வந்தால் நானும் குங்குமம் வைத்த பிறகுதான் நோட்டில் ஏற்றுவேன். காக்காப்பொன்னில் வைத்தால் ஓரத்து அடுக்குகளில் ஏறிக்கொண்டு கழுவக் கழுவ வரும். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தெரிந்ததுதான் கெடுத்தது. பஞ்சில் வந்தது குங்குமம்தான், சந்தேகமில்லை. கல்லில் இருந்தது என்ன என்று பார்க்கவில்லை.

"நிறத்தைப் புதிதாகப் பிரித்த பரப்பில் பார்க்க வேண்டும்." என் புத்தகத்தில் இருக்கிறது. அடிக்கோடு போட்டது நான்தான்.

ஆவணி 5, செவ்வாய்

வெயில். முருகனுக்கு விளக்கு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எண் 41, முதலிலிருந்து.

அடுக்கு: ஒரே திசையில் ஏடு ஏடாக உரிகிறது. முடிவே இல்லை.

வளைத்தால் வளைகிறது, விட்டால் நிமிர்கிறது. இது முக்கியம். வளைந்து அப்படியே நின்றால் குளோரைட். நிமிர்வதால் மைக்கா குடும்பம்.

நகம்: சிரமப்பட்டு லேசாகக் கீறுகிறது. செம்புக் கம்பி சுலபமாக.

மினுக்கம் முத்து மாதிரி.

பீங்கான் தட்டின் அடிப்புறம் தேய்த்தால் வெளுத்த கோடு. குங்குமமாக இருந்தால் சிவப்புக் கோடு விழ வேண்டும். விழவில்லை.

மொத்தம் இருபது நிமிஷ வேலை. இதை அன்றைக்கே செய்திருக்கலாம்.

மாங்கனீசு இருக்கிறதா என்பது மட்டும் இதிலெல்லாம் தெரியாது. இரும்பும் சிவக்க வைக்கும். வெங்காரத்தை, அதாவது போராக்ஸை, உருக்கிப் பாசியாக்கிப் பார்க்க வேண்டும். கேஸ் அடுப்புச் சூடு போதாது.

இவர்: "எதுக்கு இவ்ளோ? ஒரு போன் பண்ணி சாரி சொல்லு."

என்னவென்று தெரியாமல் எதற்கு சாரி சொல்வது?

ஆவணி 7, வியாழன்

மடத்துக்குப் போய்விட்டு அப்படியே ஆட்டோவில் மண்டி மொஹல்லா. சந்து முழுக்க ஸ்கூட்டர், ஆட்டோ உள்ளே வரமாட்டேன் என்றது. நடந்தேன். கௌதள்ளிக்காரர் முருகேசு ஆசாரியின் பட்டறை. என் வளையல் பற்றவைப்பதெல்லாம் அவர்தான்.

"வாங்கம்மா. கல்லு வெக்கோணுமா?"

காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன்.

"இதை வெச்சு என்ன பண்றதுங்க? தொட்டா உரியுது."

விளக்கினேன். கம்பி முனையில் சின்ன வளையம், அதில் வெங்காரம், உருகிக் கண்ணாடிப் பாசி ஆனதும் கல் தூளில் லேசாகத் தொட்டு மறுபடி சுட வேண்டும். நீலச் சுடரின் வெளி நுனியில். மாங்கனீசு இருந்தால் ஊதா.

"தங்கத்தை ஒருக்கச் சொல்லுவாங்க, வெள்ளிய ஒருக்கச் சொல்லுவாங்க. காக்காப்பொன்னை ஒருக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதானுங்க. இருங்க."

மூணு பாசி போட்டோம்.

முதலாவது என் எண் 12, சாதாக் கறுப்புக் காக்காப்பொன். சூட்டில் மஞ்சள், ஆறினதும் வெளுத்துப்போச்சு. இரும்பு.

ரெண்டாவது குங்குமம். இதுவும் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு முழுசாகாது. ஆசாரி கையை இழுத்துக்கொண்டார். "சாமி சாமானைப் போயி சுடச் சொல்றீங்களேம்மா." என்னுடையதுதான், கடையில் வாங்கினது, இன்னும் பூஜையில் வைக்காதது என்றேன். மனசுக்குள் அம்பாளிடம் கேட்டுக்கொண்டேன். புகைந்து கருகிப் போச்சு. பாசி தண்ணீர் மாதிரி.

மூணாவது அண்ணா கொடுத்தது. ஏட்டில் பாதி செலவாச்சு.

ஆறுகிற வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆசாரி இடுக்கியோடு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"அட. நாவப்பழங்க."

ஊதா. சந்தேகத்துக்கு இடமில்லாத ஊதா. உள் சுடரில் காட்டினால் நிறம் போச்சு, வெளி நுனிக்குக் கொண்டுவந்தால் திரும்பி வந்தது. புத்தகத்தில் சொன்னபடியே.

ஆசாரிக்கு ஒரே சந்தோஷம். "நல்ல செய்திதானுங்களே, ஏன் மொகம் இப்படி?"

பாசி மூணையும் மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துவந்தேன்.

ஆவணி 8, வெள்ளி

தலைக்குக் குளித்து, லலிதா சஹஸ்ரநாமம் முடித்து, பத்து மணிக்கு நஞ்சன்கூட்டுக்குப் போன். அண்ணி எடுத்தாள்.

"சொல்லு விஜி."

"அண்ணா இருக்காரா அண்ணி?"

"வெளிய போயிருக்கார்."

பின்னால் அண்ணா இருமுவது கேட்டது. அந்தக் கல் விஷயமாகப் பேசணும் என்றேன்.

"இப்ப எந்தக் கல்லைத் துடைக்கணும்?"

"அண்ணி..."

"இல்ல, பஞ்சு நனைச்சு வெக்கறேன், அதான் கேட்டேன்."

எனக்கு இது வேண்டும். கேட்டுக்கொண்டேன்.

பிறகு அண்ணியே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அந்த வருஷத்துக்கு அப்புறம் ஆயுத பூஜைக்கு அவர் சாமான் எதையும் வைப்பதில்லை. சுத்தியலுக்குக் குங்குமம் வைக்கப் போனால், "வேணாம், அப்புறம் யாராவது வந்து துடைச்சுக் காட்டுவாங்க" என்கிறாராம். கல் எல்லாம் சாக்கில். அந்தக் கல் எங்கே என்று அவளுக்கும் தெரியாதாம். மாட்டுப்பெண் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது ரெண்டு சாக்கு வெளியே போச்சாம், அதில் இருந்ததோ என்னவோ.

"அன்னிக்கு நீ சொன்னதுக்குக்கூட இல்ல விஜி. ஏடு குடுத்தாரே, நீ பார்த்துட்டு என்ன சொன்னேன்னு ஒரு மாசம் போனைப் பார்த்துண்டே இருந்தார்."

போனை வைத்த பிறகு பூஜை ரூமில் போய் உட்கார்ந்தேன். குங்குமத்தை வைத்துச் சிரிக்கவைத்தவள் நான். அதை வைத்து ஒருவர் வீட்டுப் பூஜையை நிறுத்தியிருக்கிறேன். தினமும் நெற்றி நிறைய இட்டுக்கொண்டு.

சாம்பாரில் உப்பு மறந்துபோச்சு. இவர் அப்படியே சாப்பிட்டார்.

ஆவணி 10, ஞாயிறு

மேகமூட்டம். மேடம் வந்தார். இவரும் நானும் மட்டும்.

டப்பாவைக் காட்டினேன். மேடம் ஊதாப் பாசியை உருட்டி உருட்டிப் பார்த்தார். மாங்கனீசு நிச்சயம் என்றார். ஆனால் பேர் வேறு. அண்ணா சொன்ன "மாங்கனீசு மைக்கா"வுக்குப் பழைய புத்தகங்களில் தனிப் பேர் ஒன்று உண்டு, மாங்கனோஃபிலைட். இப்போது அது தனி இனமாகக் கணக்கில் இல்லை. அடுக்குச் சிலிகேட் எல்லாம் ஒப்பட்டு, நம் போளி, மாதிரி: மேலும் கீழும் சிலிகேட் மாவு, நடுவில் பூரணம். பூரணத்தில் எது அதிகமோ அதன்படிதான் பேர். இதில் அதிகம் மக்னீசியமாக இருக்கும், ஆகவே ஃப்ளோகோபைட். மாங்கனீசு சில இடங்களில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

இவர் பேப்பரை இறக்கினார். முப்பது வருஷ ரயில்வே. "புரிஞ்சுது. கோச் மக்னீசியத்து பேர்ல. மாங்கனீசு ஆர்.ஏ.சி."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்.

ஆக சீட்டு: "மாங்கனீசு கொண்ட ஃப்ளோகோபைட்." உறுதிக்கு மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும். என்னிடம் மிச்சமிருக்கிற துணுக்கு போதாது, முழுக் கல் வேண்டும். மாசக் கடைசிக்குள் வந்தால் அலமாரியில் இடம் உண்டு, பேரோடு. அதற்குள் சீட்டுகள் அச்சுக்குப் போய்விடும்.

மேடம் போனதும் இவர்: "பார்த்தியா, அவர் சொன்ன பேரும் தப்பு, நீ எழுதின பேரும் தப்பு. ரெண்டும் சரியாப் போச்சு. அப்படியே எழுதிடு, அவருக்கும் கௌரவமா இருக்கும்."

கேட்க இதமாக இருந்தது. மத்தியானம் அப்படியே ஒரு லெட்டர் எழுதினேன். "நாம் இருவருமே கொஞ்சம் தவறிவிட்டோம்" என்று ஆரம்பம். நல்ல தமிழ், நல்ல கையெழுத்து. மூணு தடவை படித்தேன். பொய். அண்ணா சொன்னது மாங்கனீசு உண்டு. நான் சொன்னது இல்லை. பேர் பிறகு மாறினது வேற சமாசாரம். அதைக் கொண்டுவந்து இதற்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.

கிழித்தாச்சு.

ஆவணி 11, திங்கள்

மழை இல்லை. நேரிலேயே போய்விடேன் என்கிறார் இவர். போனால் அண்ணி காபி போடுவாள், பேரன் ஓடி வருவான், பேச்சு எங்கேயோ போகும், அண்ணாவும் "விடு விஜி" என்று முடித்துவிடுவார். அவர் நாலு பேருக்குக் காட்டுகிற மாதிரி என் கையெழுத்தில் இருக்க வேண்டும். நோட்டில் 41-ஐ அடிக்கவில்லை. பழையது தெரியும்படி விட்டு, கீழே திருத்தமும் தேதியும். லெட்டரின் நகல் இங்கே:

அண்ணாவுக்கு விஜி நமஸ்காரம்.

ஆயுத பூஜை அன்று உங்கள் கல்லில் மாங்கனீசு இல்லை, குங்குமம்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அது தப்பு. கல்லைப் பிரித்துப் பார்க்காமல் சொன்னேன். நீங்கள் ஏடு கொடுத்து பார்க்கச் சொன்னீர்கள். அப்போதும் பார்க்கவில்லை. இந்த வாரம்தான் பார்த்தேன். உள் அடுக்கெல்லாம் சிவப்பு. வெங்காரப் பாசி ஊதா. மாங்கனீசு இருக்கிறது. நீங்கள் சொன்னது சரி.

இந்தக் கடுதாசியைச் சம்பந்தி வீட்டில் காட்டலாம். நானே அவர்களுக்குத் தனியாக எழுதவும் தயார். அண்ணி வைத்த குங்குமத்தைக் கேலி செய்தது என் பாவம். அதற்கு நீங்கள் பூஜையை விட வேண்டாம்.

இப்போதைய முறைப்படி சீட்டில் "மாங்கனீசு கொண்ட ஃப்ளோகோபைட், மைக்கா குடும்பம்" என்று வரும். கீழே கண்டெடுத்தவர் என்று உங்கள் பேர். ஜீப் டிரைவர் என்பதையும் போட வேண்டும் என்பது என் ஆசை. உங்களுக்கு எப்படி இஷ்டமோ அப்படி.

கல் இருக்கிறதா, சாக்கோடு போய்விட்டதா? போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். இருந்தும் கொடுக்க மனசில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மாசக் கடைசிக்குள் மேடத்துக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள் அண்ணா.